தாத்தா ஓட்டின பிக்கப்: 1/25 ஷெவர்லே 3100 கிட்டை நம்ம ஊர் வண்டியாக்கறது எப்படி?

அல்சூர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாடல் ஃபோரத்துல வர்ற வேலைகளை வாசிச்சுக்கிட்டு மட்டும் இருந்தவன், இப்பத்தான் எழுதறேன். ஏ.எம்.டி.ங்கற மாடல் கம்பெனியோட 1950 ஷெவர்லே 3100 பிக்கப் கிட் (பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யற மாடல்), 1/25 அளவு, கைக்கு வந்திருக்கு. பிரிச்சுப் பார்த்துட்டு திரும்ப மூடி வெச்சுட்டேன். பெட்டியில இருக்கற மாதிரியே ஒட்டினா அமெரிக்கப் பண்ணை வண்டிதான் வரும். எனக்கு வேண்டியது எங்க தாத்தா ஓட்டின வண்டி.

தாத்தா பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டுக்கு காய்கறி லோடு அடிச்சவர். வண்டி மண்டிக்காரரோடது. வீட்டுல இருக்கறது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. முன்பக்கமும் வலது கதவும் நல்லாத் தெரியுது. தாத்தா கதவு மேல முழங்கையை ஊணிக்கிட்டு நிக்கறார். பின்னாடி தொட்டி பாதியோட வெட்டுப்பட்டுப் போச்சு. அந்தப் பாதியில, தகரத்துக்கு மேல மரச்சட்டம் அடிச்சு உசத்தின தடுப்பு தெரியுது.

கிட்டுல ஸ்டீயரிங் இடது பக்கம். அதை வலது பக்கம் மாத்தறது முதல் முறை செய்யறவனுக்கு ஆகற வேலையா? என்ன கலர்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? சின்ன கம்ப்ரசரும் 0.3 மி.மீ. ஏர்பிரஷும் இருக்கு. போட்டோவை கீழ போட்டிருக்கேன்.

லோரைடர்_கோரமங்களா

அருமையான கிட் ப்ரோ. ஆனா இந்த பாடியை வெச்சுக்கிட்டு காய்கறி வண்டியா? 3100ன்னாலே கூரையை வெட்டி இறக்கணும், பின்னாடி ஆக்சிலைத் தாழ்த்தணும், அகலமா டயர் போடணும். நிஜ வண்டியில 3 இஞ்ச் இறக்கினா 1/25ல வெறும் 3 மி.மீ.தான். தூண்ல இருந்து ஒரு துண்டை எடுத்துட்டு ஒட்டிடலாம்.

ஒண்ணு மட்டும் கவனிக்கணும். முன் தூண் பின்னாடி சாஞ்சு போகுது. அதனால நேரா வெட்டி இறக்கினா மேல் பாதி பின்னாடி தள்ளி நிக்கும், கீழ் பாதியோட சேராது. கூரையைக் குறுக்கால வெட்டி நடுவுல ஒரு பட்டை சேர்க்கணும், இல்லேன்னா தூணை இன்னும் சாய்க்கணும். வேணும்னா நான் செஞ்சதை அனுப்பறேன்.

பழையதகரம்

தம்பி, போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். சிவாஜிநகர்ல டிங்கரிங் பட்டறை வெச்சிருந்தவன் நான், இந்த பாடியை சுத்தியலால நிறைய தட்டியிருக்கேன். உங்க தாத்தா வண்டி 1950 இல்ல.

கதவுக் கண்ணாடியைப் பாருங்க. முன் ஓரத்துல முக்கோணமா சின்னக் கண்ணாடி தனியா இருக்கு, காத்துக்குத் திருப்பி வெக்கறது. ஷெவர்லே அதை 1951லதான் போட்டான். 1950 கதவுல ஒரே கண்ணாடி, முழுசா இறங்கும். அடுத்து முன் கண்ணாடி: நடுவுல கம்பி வெச்சு ரெண்டு துண்டா இருக்கு. 1954ல அது ஒரே வளைஞ்ச கண்ணாடி ஆயிடுச்சு, கிரில்லும் மாறிடுச்சு. உங்க போட்டோவுல படுக்கை வாட்டத்துல அஞ்சு பட்டை கிரில். ஆக 1951ல இருந்து 1953க்குள்ள. கதவுக் கைப்பிடி தெரிஞ்சா இன்னும் சுருக்கலாம், 1952ல அதை அமுக்கற பட்டன் மாதிரி மாத்தினான். அங்க தாத்தாவோட முழங்கை மறைக்குது.

காலமும் சரியா உக்காருது. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில 1928லயே வண்டி பூட்டற பட்டறை போட்டுட்டான். பாகம் பாகமா கப்பல்ல வரும், இங்க பூட்டுவாங்க, வலது கை ஸ்டீயரிங்தான். இங்கயே பாகங்களைத் தயாரிக்கற திட்டம் இருக்கறவன் மட்டும்தான் இருக்கலாம்னு 1953ல அரசாங்கம் முடிவு பண்ணினதும், அடுத்த வருஷம் அவன் கடையைக் கட்டிட்டான். உங்க தாத்தா வண்டி அந்தக் கடைசி வருஷங்கள்ல வந்ததா இருக்கும்.

கூரையை வெட்டாதீங்க. மார்க்கெட் டிரைவர் தலைப்பாகையோட உள்ள உக்காரணும்.

அல்சூர்வாசி

ஐயா, எத்தனையோ தடவை பார்த்த போட்டோ, அந்த முக்கோணக் கண்ணாடி என் கண்ணுல பட்டதே இல்ல. ரொம்ப நன்றி. அப்ப கதவுல அந்தக் கம்பியை நானே சேர்க்கணும்.

கோரமங்களா ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க, கூரை அப்படியே இருக்கட்டும்.

பாட்டிகிட்ட கலர் கேட்டேன். "பச்சை, கரும்பச்சை, மாவிலை முத்தினா இருக்குமே அது"ன்னு யோசிக்காம சொன்னாங்க.

ரெசின்ராணி

பாட்டி சொன்னது கம்பெனிக் கணக்கோடயும் ஒத்துப்போகுது. ஃபாரஸ்டர் கிரீன்னு ஒரு கரும்பச்சை, அந்த வரிசை வண்டிகளுக்கு வழக்கமான கலர்.

ஸ்டீயரிங் விஷயத்துக்கு வர்றேன். நீங்க பயப்படற அளவுக்கு இல்ல, ஏன்னா இந்த டேஷ்போர்டு கிட்டத்தட்ட சமச்சீர். டிரைவர் முன்னாடி ரெண்டு வட்ட மீட்டர், நடுவுல ஸ்பீக்கர் கிரில், அந்தப் பக்கம் சாமான் வெக்கற மூடி. டேஷ்போர்டை ஸ்பீக்கர் கிரில்லுக்கு ரெண்டு பக்கமும் நெட்டுக்கு வெட்டுங்க. மெல்லிசான ரேஸர் ரம்பம் வேணும், பேப்பர் கத்தி வேண்டாம், அது பிளாஸ்டிக்கை ஓரத்துல உசத்திடும். மூணு துண்டு ஆகும். மீட்டர் துண்டு வலது, மூடி துண்டு இடது. ஓரங்கள்ல வளைவு இருக்கறதால ரெண்டு துண்டும் நுனியில சரியா உக்காராது. அந்த நுனியை மட்டும் விட்டுட்டு உள் பகுதியை மாத்திப் போட்டா வளைவு பழைய இடத்துலயே இருக்கும். இணைப்புக்கு மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் (மாடல் ஒட்டற பசை), அப்புறம் பட்டி, அப்புறம் 600 உப்புத்தாள் தண்ணியோட.

டேஷ்போர்டோட வேலை முடியாது. கிளட்ச், பிரேக் பெடல் மாறணும். சேஸிஸ்ல ஸ்டீயரிங் பாக்ஸ் வலது சட்டத்துக்குப் போகணும், அதுல இருந்து சக்கரத்துக்குப் போற கம்பியும். இஞ்சின் பக்கம் உங்களுக்கு ஒரு வசதி: இந்த ஆறு சிலிண்டர்ல கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் இடது பக்கம். ஸ்டீயரிங் தண்டு வலதுக்கு வந்தா அதோட இடிக்காது, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமா இறங்கும். கியரை ஸ்டீயரிங் தண்டுல வெக்காம தளத்துல நிக்கற நாலு கியர் நெம்புகோலா வெச்சா அது நடுவுலயே இருக்கட்டும், தொட வேண்டாம். லோடு வண்டிக்கு அதுதான் பொருத்தமும்.

நான் ரெசின் 3டி பிரிண்டர் வெச்சிருக்கேன். ஹாரன் மாதிரி சின்ன உருப்படி வேணும்னா சொல்லுங்க, 0.05 மி.மீ. அடுக்குல வரும். டேஷ்போர்டை மட்டும் பிரிண்ட் எடுக்கச் சொல்லாதீங்க. வெட்டி ஒட்டினாத்தான் அந்தக் கிட்டோட கோடுகள் மாறாம வரும்.

காக்ஸ்டவுன்காரன்

> பயப்படற அளவுக்கு இல்ல

மேடம் சொன்னது அத்தனையும் சரி. ஆனா வெட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை இருக்கு, பாதிப் பேர் அதைச் செய்யறதே இல்ல. மாடலைப் பார்த்ததும் பொம்மைன்னு கண்ணு கண்டுபிடிக்கறது எதனால? கலரால இல்ல, தகரத்தோட கனத்தால.

கணக்குப் போட்டுப் பாருங்க. 18 கேஜ் தகரம் சுமார் 1.2 மி.மீ. கனம். 1/25க்கு அது 0.05 மி.மீ. கிட்டுல மட்கார்டு ஓரம் 1 மி.மீ. இருந்தாக்கூட, நிஜத்துல 25 மி.மீ. கனத்துல மட்கார்டு அடிச்ச மாதிரி ஆகுது. மொத்தத்தையும் மெலிசாக்க முடியாது, வேண்டியதும் இல்ல. கண்ணுக்குத் தெரியற ஓரங்களை மட்டும் உள்பக்கமா சாய்வா சீவுங்க: நாலு மட்கார்டு வளைவு, பானெட் விளிம்பு, தொட்டியோட பின் கேட், ஃபுட்போர்டு. வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது. வளைஞ்ச பிளேடால இழைச்சு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. பிளாஸ்டிக் லேசா ஒளி விட ஆரம்பிச்சா அங்க நிறுத்திடணும்.

பெயிண்ட்: ஜே.சி. ரோட்டுல கார் பெயிண்ட் கலக்கித் தர்ற கடையில பாட்டி சொன்ன பச்சையைக் கலக்கி வாங்கலாம். ஆனா அந்தக் கடை தின்னர் காரத் தின்னர், நேரா பிளாஸ்டிக்ல விழுந்தா மேற்பரப்பு கரைஞ்சு சொரசொரன்னு ஆயிடும். முதல்ல மாடலுக்கான பிரைமரை ரெண்டு கோட்டிங் மெலிசா அடிச்சு நல்லா காயவிட்டுட்டு, மேல தூரத்துல இருந்து தூவற மாதிரி அடிங்க. கம்ப்ரசர் அழுத்தம் 15ல இருந்து 20 பி.எஸ்.ஐ. போதும். மழை நாள்ல என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீங்க. ஈரக் காத்துல வெள்ளையா பூத்துடும்.

பழையதகரம்

கனம் பத்தி தம்பி எழுதினது நூத்துக்கு நூறு. நிஜ வண்டியிலயும் மட்கார்டு ஓரத்தை உள்ள மடிச்சிருப்பான், கையை விட்டுப் பார்த்தா தெரியும்.

சேஸிஸ் அடியில ஒண்ணு கவனிங்க. இந்த வண்டிக்கு கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சில் வரைக்கும் மூடின குழாய், அதுக்குள்ளதான் தண்டு சுத்தும். 1954 வரைக்கும் 3100ல அப்படித்தான். வேற லாரியைப் பார்த்துட்டு திறந்த ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போட்டுடாதீங்க.

லோரைடர்_கோரமங்களா

கூரை வேண்டாம்னு ஆயிடுச்சு, சரி. ஆனா வண்டி நிக்கற விதத்தை விட்டுடாதீங்க ப்ரோ. மேசை மேல தூரத்துல இருந்து பார்க்கும்போது முதல்ல தெரியறது அதுதான். 3100க்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 116 இஞ்ச், அதாவது 2946 மி.மீ. 1/25ல 117.9 மி.மீ. ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு ரெண்டு பக்கமும் அளங்க. ஒரு பக்கம் அரை மி.மீ. மாறினாக்கூட வண்டி கோணலா நிக்கும். டயர் 6.00-16, விட்டம் சுமார் 28 இஞ்ச், அப்ப 28 மி.மீ. சொச்சம். 1/24 கிட்ல இருந்து அழகா இருக்குன்னு சக்கரம் எடுத்துப் போட்டா நாலு சதவீதம் பெருசாயிடும்.

நான் தாழ்த்தறதுக்குப் பண்ணற வேலையே உங்களுக்கும் உதவும். லோடு ஏத்தின வண்டி பின்னாடி அமுங்கும். நிஜத்துல 50 மி.மீ. அமுங்கினா இங்க 2 மி.மீ. ஸ்பிரிங் பட்டையைச் சூடு தண்ணியில காட்டி, வளைவைக் கொஞ்சம் நேராக்கிட்டு ஆக்சிலை ஒட்டுங்க. ஆக்சிலை மட்டும் மேல ஏத்தி ஒட்டினா பட்டை வளைஞ்சபடியே நிக்கும், லோடு இருக்கற உணர்வு வராது.

ரெசின்ராணி

இது நல்ல யோசனை. அப்ப தொட்டி காலியா இருக்கக் கூடாது, லோடு வைக்கணும். கூடையா, மூட்டையா?

அல்சூர்வாசி

கூடையும் மூட்டையும் ரெண்டும். முட்டைகோஸ் மூட்டை, தக்காளி மூங்கில் கூடைன்னு அம்மா சொல்றாங்க. கோலார் பக்கமிருந்து வர்ற சரக்கு.

இது வரைக்கும் ஆன வேலை: டேஷ்போர்டு வெட்டியாச்சு, மேடம் சொன்ன மாதிரி நுனி வளைவை அப்படியே விட்டுட்டேன். இப்ப மீட்டர் ரெண்டும் வலது பக்கம் உக்காந்திருக்கு. இணைப்புக் கோடு பட்டிக்கு அப்புறம் கையால தடவினாலும் தெரியல. கதவுல முக்கோணக் கண்ணாடிக்கு 0.5 மி.மீ. பிளாஸ்டிக் கம்பி வெச்சேன், கொஞ்சம் சாய்வா, போட்டோ மேல டிரேசிங் பேப்பர் வெச்சு கோணம் எடுத்தேன். மட்கார்டு ஓரம் சீவியாச்சு. இப்பவே பாதி வண்டி மாதிரி ஆயிடுச்சு, இதை நான் எதிர்பார்க்கல.

தொட்டி தளத்துக்கு மரப் பலகை, நடுவுல இரும்புப் பட்டை. ஐஸ்கிரீம் குச்சியை இழைச்சுப் போடலாமா?

காக்ஸ்டவுன்காரன்

ஐஸ்கிரீம் குச்சி வேண்டாம். மரத்தோட ரேகை 1/25க்கு ரொம்பப் பெருசாத் தெரியும். பிளைவுட் கடையில வெனீர் (மெல்லிசா சீவின மரத்தாள்) கழிவுத் துண்டு சும்மாவே தருவாங்க, அதுல ரேகை நெருக்கமா இருக்கறதா எடுங்க. இல்லேன்னா பிளாஸ்டிக் பட்டையில ஊசியால லேசாக் கீறி மண் கலர் அடிக்கறது இன்னும் நல்லது. 3100 தொட்டி நீளம் 78 இஞ்ச், அகலம் 50 இஞ்ச். உங்க மேசையில அது 79க்கு 51 மி.மீ.

அடுத்து துருவுக்கு வருவோம். முதல்ல துருக் கலர், அது மேல ஹேர் ஸ்பிரே, அது மேல அக்ரிலிக் பச்சை. அப்புறம் ஈர பிரஷ்ஷால தேய்ச்சா பச்சை பெயர்ந்து உள்ள துரு தெரியும். மட்கார்டு, பானெட், கூரை எல்லா இடத்துலயும் பண்ணலாம்.

பழையதகரம்

எல்லா இடத்துலயும் கூடாது. இந்த ஒரு விஷயத்துல நான் விட மாட்டேன்.

இது கடலோர ஊர் வண்டி இல்ல. பம்பாய், மெட்ராஸ்னா உப்புக் காத்து கூரையைக் கூடத் தின்னும். பெங்களூர் வண்டியில கூரையில துரு பார்க்கறது அபூர்வம், அங்க வெயில்ல பெயிண்ட் மங்கி சுண்ணாம்பு மாதிரி வெளிறும். துரு வர்றது தண்ணியும் சேறும் தங்கற இடத்துல. கேபின் பின் மூலையில கீழ ஒரு மடிப்பு, அங்கதான் முதல்ல ஆரம்பிக்கும். அப்புறம் மட்கார்டு தொட்டியோட சேர்ற இடுக்கு. அப்புறம் ஃபுட்போர்டு ஓரம். கதவோட அடி விளிம்பு. அவ்வளவுதான்.

தொட்டி உள்பக்கம் வேற கதை. அங்க துருவை விட தேய்மானம் அதிகம். கூடை இழுத்து இழுத்து பெயிண்ட் போய் தகரம் பளபளன்னு இருக்கும், ஓடற வண்டியில அதைத் துருப்பிடிக்க விடற அளவுக்கு ஓய்வே கிடைக்காது. பின் கேட் மேல் விளிம்புல கூடை உரசின இடத்துல மட்டும் வெள்ளித் தகரம் தெரியணும். டிரைவர் பக்கம் ஃபுட்போர்டுல பெயிண்ட் இருக்கவே இருக்காது, வலது காலை வெச்சு ஏறுவான். கிளீனர் பக்கம் அதை விட மோசம், அவன் ஓடற வண்டியில தொத்திக்கிட்டே போவான்.

மண்டிக்காரர் வண்டின்னு சொன்னீங்க. அப்படின்னா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கழுவி, தேவைப்பட்ட இடத்துல பிரஷ்ஷாலயே பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. அந்த பிரஷ் வேலை ரெண்டு இடத்துல, வேற சாயல் பச்சையில தெரியட்டும். துருவை விட அதுதான் அந்தக் காலத்து வண்டின்னு சொல்லும்.

காக்ஸ்டவுன்காரன்

ஐயா சொன்ன அந்த பிரஷ் ஒட்டுப் பச்சை எனக்குத் தோணவே இல்ல. ஒத்துக்கறேன், ஹேர் ஸ்பிரேயை அந்த நாலு இடத்தோட நிறுத்திக்கலாம். ஒட்டுப் பச்சைக்கு எனாமலை தின்னர் கலக்காம அப்படியே போடுங்க தம்பி, பிரஷ் கோடு தானா நிக்கும்.

அல்சூர்வாசி

குரோம் பத்திக் கேக்கணும். கிட்டுல பம்பர், கிரில் ரெண்டும் பளபளன்னு குரோம் பூச்சோட வருது. போட்டோவுல கிரில் மினுங்கவே இல்ல. அதை எடுக்கறது எப்படி?

ரெசின்ராணி

சாதா மாடல்ல கிரில் பெயிண்ட்தான், குரோம் கூடக் காசுக்கு வர்றது. அதுலயும் கொரியப் போர் சமயத்துல குரோம் பூச்சுக்கு வேண்டிய உலோகங்களுக்குத் தட்டுப்பாடு, அந்த வருஷ வண்டிகள்ல அதைக் குறைச்சிட்டாங்க. போட்டோவுல மினுங்காததுக்கு ரெண்டுல ஏதோ ஒண்ணு காரணமா இருக்கும்.

துணிக்குப் போடற திரவ ப்ளீச்சை பிளாஸ்டிக் டப்பாவுல ஊத்தி பாகத்தைப் போட்டு வைங்க, பூச்சு கரைஞ்சு போயிடும். கையுறை போட்டுக்கங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. முக்கியமானது: அதே டப்பாவுலயோ அதே சிங்க்லயோ ஆசிட் கலந்த பாத்ரூம் கிளீனர் சேரவே கூடாது. ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும், மூடின அறையில உயிருக்கே ஆபத்து. பூச்சு போனதும் அடியில வழவழன்னு ஒரு வார்னிஷ் மிச்சம் இருக்கும், அதையும் சோப்புத் தண்ணியில பழைய டூத் பிரஷ்ஷால எடுத்தாத்தான் பிரைமர் பிடிக்கும்.

அல்சூர்வாசி

குரோம் போச்சு. பம்பர் கறுப்பு, கிரில் பச்சை அடிச்சாச்சு.

அடுத்து நம்பர் பிளேட். போட்டோவுல எம்.ஒய்.ன்னு தொடங்கறது தெரியுது, மிச்சத்தை நிழல் மறைக்குது. கதவுல ஏதோ எழுத்தும் இருக்கு, கன்னடத்துல ஒரு வரி, கீழ இங்கிலீஷ்ல ஒரு வரி. வாட்டர் டீகல் (தண்ணியில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) பிரிண்டர்ல எடுக்கலாம்னு பார்த்தா வெள்ளை எழுத்து வராதாம்.

காக்ஸ்டவுன்காரன்

எம்.ஒய். மைசூர் மாநிலப் பதிவு. அந்த மாநிலத்துக்குத்தான் 1973ல கர்நாடகான்னு பேர் மாறிச்சு. போட்டோவுல பிளேட் கறுப்பு, எழுத்து வெள்ளை.

வீட்டு பிரிண்டர்ல வெள்ளை மை கிடையாது, அதனால தலைகீழா யோசிங்க. வெள்ளை டீகல் தாள்ல கறுப்பையே பிரிண்ட் எடுங்க, எழுத்து இருக்கற இடத்தை மட்டும் காலியா விட்டுடுங்க. நம்பர் பிளேட்டுக்கு அது சரியா வரும். கதவுக்கு அப்படிச் செஞ்சா சுத்தி இருக்கற பச்சை கலர் ஒத்துப்போகாது. அங்க கையால எழுதறதே மேல். 000 பிரஷ், காயறதைத் தாமதப்படுத்தற ரிடார்டர் ஒரு சொட்டு கலந்த வெள்ளை அக்ரிலிக், வழுக்கற கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) மேல. தப்பா வந்தா ஈரத் துணியால துடைச்சுட்டு மறுபடி எழுதலாம், அடியில பச்சைக்கு ஒண்ணும் ஆகாது. மண்டி பேர் தெளிவா இல்லேன்னா நீங்களா ஒரு பேரை வைக்காதீங்க. தெரியற எழுத்தை மட்டும் எழுதி, மிச்சத்தைத் தேய்ஞ்சு போன மாதிரி விடுங்க.

பழையதகரம்

தம்பி, ஞாயித்துக்கிழமை அந்த போட்டோவோட அசலை எடுத்துக்கிட்டு பட்டறைக்கு வாங்க, இப்ப பையன் நடத்தறான். எங்ககிட்ட எழுத்து எழுதின பெயிண்டர் இன்னும் இருக்கார், மார்க்கெட் வண்டி கதவெல்லாம் அவர் கைதான். மிச்ச எழுத்தை அவர் வாசிச்சாலும் வாசிப்பார். கதவைத் தனியா கழட்டிக் கொண்டு வர முடியும்னா கிளியர் கோட் அடிச்சு எடுத்துட்டு வாங்க. அவரே எழுதித் தரட்டும்.

அல்சூர்வாசி

கதவு கேபினோட சேர்ந்துதான் இருக்கு ஐயா, கேபினையே தூக்கிட்டு வந்துடறேன். காலையில பத்து மணிக்கு சரியா இருக்குமா?

பழையதகரம்

பத்துக்கு வாங்க. வெயில் நேரா விழற நேரம், அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.